அம்மாவின் குழப்பத்துக்கு மாத்திரைகளே காரணமாக இருக்குமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு வயது 76, எடை 45 கிலோ. பிபி, சர்க்கரை, மூட்டுவலி உண்டு. நான்கு டாக்டர்களிடம் காட்டுகிறோம். எல்லாம் சேர்த்து இப்போது 13 மருந்துகள் சாப்பிடுகிறார். போன வருடம் வரை கணக்கு வழக்கெல்லாம் தானே பார்த்துக்கொண்டவர். கடந்த எட்டு மாதத்தில் கால் வீக்கம், சிறுநீரை அடக்க முடியாமை, மலச்சிக்கல், தூக்கமின்மை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இப்போது சாயங்காலமானால் குழம்பிவிடுகிறார், என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார். இரண்டு முறை விழுந்தும்விட்டார். மறதிநோயின் ஆரம்பம் என்கிறார்கள், நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். உறவினர் ஒருவர் பாதி மாத்திரையை நிறுத்திப் பார் என்கிறார். நிறுத்தலாமா? எதை? எந்த மருந்து எப்போது தொடங்கியது என்ற பட்டியலையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதியை நிறுத்து என்று சொன்ன உறவினருக்கு எந்தப் பாதி என்று தெரியாது, அதுதான் பிரச்சினையே. ஆனால் அவருடைய சந்தேகம் தப்பில்லை. உங்கள் பட்டியலைத் தேதியோடு படித்தபோது எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது.

தேதி போட்டு எழுதியதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் மருந்துப் பெயர்களை மட்டும்தான் அனுப்புவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் தாளில் நான் பார்த்த வரிசை இது. ஜனவரியில் மூட்டுவலிக்கு அசிக்ளோஃபினாக், தினமும் இரண்டு வேளை. மார்ச்சில் பிபி ஏறியிருக்கிறது என்று அம்லோடிபின் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகிறது. ஏப்ரலில் கணுக்கால் வீக்கம், அதற்கு நீர் பிரியும் மாத்திரை ஃபுரோசமைடு, காலையும் மாலையும். மே மாதம் சிறுநீரை அடக்க முடியவில்லை என்று ஆக்சிபியூட்டினின். ஜூனில் மலச்சிக்கல், வாய் உலர்தல், இரவில் தூக்கமில்லை, அதற்குத் தூக்க மாத்திரை அல்பிரசோலம். ஜூலை முதல் குழப்பம், இரண்டு தடவை விழுந்தது.

இதை வியாதிகளின் வரிசையாகவும் படிக்கலாம், மாத்திரைகளின் வரிசையாகவும் படிக்கலாம். நான் இரண்டாவது விதமாகப் படிக்கிறேன்.

அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் எல்லாமே உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், பிபியை ஏற்றும், பிபி மருந்துகளின் வேலையையும் கெடுக்கும். ஆகவே மார்ச்சில் ஏறிய பிபிக்கு ஜனவரியில் தொடங்கிய வலி மாத்திரை காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிபி பார்த்த டாக்டருக்கு மூட்டு டாக்டர் கொடுத்தது தெரிந்திருக்காது. அடுத்தது அம்லோடிபின். 10 மில்லிகிராமுக்குப் போகும்போது கால் வீங்குவது இந்த மருந்தின் மிகப் பழக்கமான பக்கவிளைவு, அதுவும் பெண்களுக்கு அதிகம். உடம்பில் நீர் கூடியதால் வரும் வீக்கம் அல்ல இது. சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து, அங்கிருந்து நீர் சதைக்குள் கசிவதால் வருவது. அதனால் நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. உதவாத மாத்திரை சும்மாவும் இருக்காது. மாலையில் சாப்பிட்ட ஃபுரோசமைடு இரவில் நாலு தடவை எழுப்பும். 76 வயதில் அவசரமாக எழுந்து ஓட முடியாதவருக்குப் போகும் வழியிலேயே சிறுநீர் கசியும். அதைச் சிறுநீர்ப்பைக் கோளாறு என்று நினைத்து ஆக்சிபியூட்டினின் கொடுத்தாயிற்று.

இந்த ஆக்சிபியூட்டினினில் கொஞ்சம் நிற்க வேண்டும், உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான மருந்து இதுதான் என்று நினைக்கிறேன். நரம்புகள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை இது தடுக்கிறது. சிறுநீர்ப்பையின் இறுக்கம் குறைவது அதனால்தான். ஆனால் அதே பொருள் குடலுக்கும் வேண்டும், உமிழ்நீருக்கும் வேண்டும், முக்கியமாக நினைவாற்றலுக்கும் வேண்டும். ஆக்சிபியூட்டினின் மூளைக்குள்ளும் போகும். மலச்சிக்கல், உலர்ந்த வாய், மங்கலான பார்வை, குழப்பம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரலாம். கடிதத்தின் கடைசியில், சளி பிடித்தால் வீட்டில் இருக்கும் மாத்திரையைத்தான் கொடுப்போம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் குளோர்பெனிரமின் என்று இருந்தால் அதுவும் இதே வகைதான், ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். அதை இன்றே அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். இது ஒன்றுக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம்.

கடைசியாக அல்பிரசோலம். தூக்கம் கெட்டது நீர் மாத்திரையால், அதற்குத் தூக்க மாத்திரை. அரை மயக்கத்தில் எழுந்து கழிப்பறைக்கு நடக்கிறார், விழுகிறார். இரண்டு தடவை விழுந்ததும் இரவிலா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு அடுத்த மருந்து, அதன் பக்கவிளைவுக்கு இன்னொன்று என்று நீளும் இந்தச் சங்கிலி மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. 1990களிலேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். முதியவர்களுக்கு எந்தெந்த மருந்துகளைத் தவிர்ப்பது நல்லது என்று மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் 1991இல் முதல் பட்டியலைக் கொண்டுவந்தார். அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் அதைத் தொடர்ந்து புதுப்பிக்கிறது, கடைசியாக நான் பயன்படுத்துவது 2023ஆம் ஆண்டுப் பதிப்பு. அல்பிரசோலம் வகை முழுவதும் அதில் இருக்கிறது, குளோர்பெனிரமின் இருக்கிறது, சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு வகை இருக்கிறது, வலி மாத்திரைகளை நெடுநாள் கொடுப்பதும் இருக்கிறது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளால் வரும் தீங்கைக் குறைக்க ஒரு பெரிய முயற்சியை அறிவித்தபோது, அதில் முன்னிறுத்திய மூன்று விஷயங்களில் ஒன்று இப்படிப் பல மருந்துகளை ஒன்றாகச் சாப்பிடுவது. ஆகவே நீங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டால் இணையத்தில் படித்துவிட்டு வந்து வம்பு பண்ணுகிறார் என்று ஆகாது. அப்படி யாராவது சொன்னாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

இப்போது ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் 1.1, பக்கத்தில் நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அம்மாவைப் போல 45 கிலோ எடையில், வயதில் தசை கரைந்தவருக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்க வேண்டும். வயது, எடை, பாலினம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு, மருந்து அளவை முடிவு செய்ய இன்றும் பலர் அதைத்தான் பார்ப்போம். அதில் போட்டால் அம்மாவின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 31 மில்லிலிட்டர்தான் வடிகட்டுகிறது. அதே 1.1 உள்ள, 60 கிலோ எடையுள்ள 25 வயது ஆணுக்கு 87 வரும். புதிய சூத்திரம் அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அப்படியும் இளைஞரின் அளவு இல்லை. அதாவது சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டிய மருந்துகள் அவர் உடம்பில் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினின் அளவைக்கூட இந்த எண்ணை வைத்து ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் வயதோடு குறைகிறது, உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, அதனால் கொழுப்பில் கரையும் தூக்க மாத்திரைகள் பல மெதுவாகத்தான் இறங்கும். அல்பிரசோலம் வகையைச் சேர்ந்த டயசிபாம் 20 வயதில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், 80 வயதில் 90 மணி நேரம் வரை போகலாம். நேற்றைய மாத்திரை மீதமிருக்கும்போதே இன்றையது போய்ச் சேர்கிறது.

அதே சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமையும் இருக்கிறது. பிபி மருந்து டெல்மிசார்டன், ஃபுரோசமைடு, அசிக்ளோஃபினாக், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சிறுநீரகம் வடிகட்டத் தேவையான அழுத்தம் மூன்று பக்கமிருந்தும் குறையும். சாதாரண நாளில் சமாளித்துவிடும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து நீர் வற்றிய நாளில் சமாளிக்காது, இரண்டு நாளில் சிறுநீரகம் செயலிழந்து வந்தவர்களை எங்கள் துறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சர்க்கரையைப் பற்றி நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 6.3, டாக்டரே பாராட்டினார் என்று. எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. 76 வயதில், இவ்வளவு பிரச்சினைகளோடு, கிளிமிபிரைடும் சாப்பிட்டுக்கொண்டு 6.3 என்றால் இடையில் எங்கோ சர்க்கரை ரொம்பக் கீழே போய் வருகிறது என்றே சந்தேகப்பட வேண்டும். இந்த வயதில், பல நோய்கள் சேர்ந்து இருப்பவருக்கு 7.5, ஏன் 8 வரைகூடப் போதும். சர்க்கரை இறங்கினால் இளைஞருக்கு வியர்க்கும், கை நடுங்கும், அவரே சொல்லிவிடுவார். வயதானவருக்குக் குழப்பமாகவும் தள்ளாட்டமாகவும் மட்டுமே வரலாம். சாயங்காலக் குழப்பம் என்றீர்களே, அந்த நேரத்தில் விரல் நுனியில் குத்திப் பாருங்கள், வீட்டில் கருவி இருக்கிறது அல்லவா. 70க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். விழுங்க முடியாத அளவுக்கு மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் இரண்டு தடவை இருக்கிறது, ஒன்று தனியாக, இன்னொன்று வாந்தியைத் தடுக்கும் டோம்பெரிடோனோடு சேர்ந்த காப்ஸ்யூலில். கம்பெனிப் பெயர் வேறு வேறு என்பதால் தெரியவில்லை. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014லேயே எச்சரித்து, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. அம்மா எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். ஆஸ்பிரின் எதற்கு? மாரடைப்போ, பக்கவாதமோ, ஸ்டென்ட்டோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. அப்படி எதுவுமே இல்லாமல் வராமல் தடுப்பதற்காக என்று கொடுத்திருந்தால், பெரும்பாலும் 70 வயதுக்கு மேற்பட்ட 19,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில் இதயத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி லாபம் தெரியவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. அதிலும் அசிக்ளோஃபினாக்கோடு சேர்த்து ஆஸ்பிரின் என்றால் வயிற்றில் புண்ணுக்கு அழைப்பு கொடுத்த மாதிரி. அந்த இரண்டும் இருக்கும்வரை பான்டோபிரசோலை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஒன்று போதும் என்றுதான் சொல்வேன். மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் வருடக்கணக்கில் போனால் பி12 குறையும், பி12 குறைந்தாலும் மறதி வரும். அதைப் பரிசோதித்த மாதிரி தெரியவில்லை.

கொழுப்பு மாத்திரை அட்டோர்வாஸ்டாடின் மேல் எனக்குச் சண்டை இல்லை, இப்போதைக்கு அது இருக்கட்டும். மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் இரண்டும் வேண்டிய மருந்துகள்தான். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இதயம் பலவீனமான ஒருவருக்கு எட்டு மருந்தும் அவசியமாக இருக்கலாம், இன்னொருவருக்கு மூன்றே மருந்தில் இரண்டு ஒன்றோடொன்று மோதலாம். ஐந்துக்கு மேல் போனால் கவனி என்பது ஒரு மணி அடிப்பதற்காக வைத்த எல்லை. ஆனால் எண்ணிக்கை கூடினால் மோதல் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மருந்தில் 10 ஜோடிகள்தான் உண்டு, 13 மருந்தில் 78 ஜோடிகள். நான்கு டாக்டர்களும் தங்கள் தங்கள் மருந்தைச் சரியாகவே எழுதியிருந்தாலும் அந்த 78ஐ யாரும் மொத்தமாகப் பார்க்கவில்லை.

சரி, என்ன செய்வது?

அம்மாவின் எல்லா மருந்தையும் ஒரே பையில் போடுங்கள். மாத்திரை மட்டுமில்லை, கண் சொட்டு, இன்ஹேலர், வலிக்குத் தடவும் ஜெல், சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, எப்போதாவது சாப்பிடுவது, எல்லாமே. கண் சொட்டு எதற்கு என்று நினைக்காதீர்கள், கண் அழுத்தத்துக்குப் போடும் டைமோலோல் ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கும். ஒவ்வொன்றுக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம், அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதி, எதற்காக, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து, உண்மையில் சாப்பிடுகிறாரா என்றும் எழுதுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சாப்பிடாத மாத்திரையைச் சாப்பிடுவதாக நினைத்து டாக்டர் அளவைக் கூட்டுவது நிறைய நடக்கிறது.

அந்தப் பையோடு ஒரே ஒரு டாக்டரிடம் போங்கள். முதியோர் மருத்துவர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கும் பொது மருத்துவர் போதும். மற்ற மூன்று பேர் எழுதுவதும் இனி அவர் கண்ணில் பட்ட பிறகுதான் வாயில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளக்கூடிய வேலை இல்லை, இரண்டு மூன்று நாளில் போங்கள். உட்கார்ந்த நிலையில் மட்டும் பிபி பார்த்துவிட்டு அனுப்பாமல், படுக்க வைத்து ஒரு தடவையும், எழுந்து நின்ற பிறகு ஒன்று, மூன்று நிமிடங்களில் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 குறைந்தாலோ கீழ் எண் 10 குறைந்தாலோ விழுந்ததற்குக் காரணம் கையில் கிடைத்த மாதிரி. சோடியம், பொட்டாசியம், தைராய்டு, பி12, சிறுநீரில் கிருமி, இவற்றையும் பார்த்துவிடட்டும். விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்பதையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்குத் தலைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து வாரங்கள் கழித்துக் குழப்பமாக வெளிப்படுவதும் உண்டு, அதற்கு ஸ்கேன்தான் பதில் சொல்லும்.

நான் அந்த டாக்டர் இடத்தில் இருந்தால் எப்படிப் போவேன் என்று கேட்பீர்கள். முதலில் ஆக்சிபியூட்டினினையும் அசிக்ளோஃபினாக்கையும் எடுப்பேன், கிளிமிபிரைடைக் குறைப்பேன் அல்லது மாற்றுவேன். வலிக்கு அவர் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி. இரண்டு வாரம் பிபியைப் பார்த்துவிட்டு அம்லோடிபினைப் பழையபடி 5க்குக் கொண்டுவருவேன். வீக்கம் வற்றினால், இதயத்திலும் பிரச்சினை இல்லை என்று எக்கோவில் தெரிந்தால், ஃபுரோசமைடும் போகும். அதுவரை மாலை வேளையை மதியத்துக்கு மாற்றினாலே இரவு கொஞ்சம் அமைதியாகும். ஆனால் நான் அம்மாவை நேரில் பார்க்கவில்லை, இந்த வரிசையை அங்கே இருப்பவர் மாற்றலாம், மாற்றினால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அல்பிரசோலம் கடைசி. அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிறகு ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து, இவையும் அப்படித்தான், அம்மாவிடம் இல்லை என்றாலும் உறவினர் காதில் போட்டு வையுங்கள். தூக்க மாத்திரை இல்லாமல் முடியாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் மனம் தளர வேண்டாம். 2014இல் கனடாவில் நடந்த ஒரு ஆய்வில், இந்த வகை மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதன் தீமையையும் எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதையும் எளிமையாக விளக்கும் கையேடு ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுவதுமாக விட்டுவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான். வயதானவர்களுக்குச் சொன்னால் புரியாது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

நரம்பியல் மருத்துவரின் நேரத்தை ரத்து செய்ய வேண்டாம். மறதிநோய் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மெல்ல வருவது மறதிநோய், வாரக்கணக்கில் வந்து காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக ஏறி இறங்கினால் முதலில் மருந்து, கிருமி, உப்புச் சத்து, சர்க்கரை இவற்றைத் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் ஆக்சிபியூட்டினினும் அல்பிரசோலமும் உள்ளே இருக்கும்போது வைக்கும் நினைவாற்றல் பரிசோதனையை நம்பி ஒரு முத்திரை குத்திவிடக் கூடாது. அவரிடம் போகும்போது அந்தப் பையையும் எடுத்துப் போங்கள். மறதிக்கு டோனெபெசில் எழுதினால், ஆக்சிபியூட்டினின் இன்னும் இருக்கிறதே என்று கேளுங்கள். ஒன்று அசிட்டைல்கோலினைக் கூட்டும், இன்னொன்று அதைத் தடுக்கும், இரண்டையும் ஒரே வாயில் போடுவது வீண்.

மாற்றங்கள் தொடங்கிய பிறகு ஒரு நோட்டில் தேதி, என்ன மாறியது, பிபி, சர்க்கரை, இரவில் எத்தனை தடவை எழுந்தார், குழப்பம் எப்படி என்று ஒரு வரி எழுதி வாருங்கள். குறைத்த மருந்து ஏதாவது திரும்ப வேண்டியிருந்தால் அதுவும் அந்த நோட்டில்தான் தெரியும். கருப்பாக மலம் போனாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம், மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் இருந்தாலோ நோட்டை மூடிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரையால்தான் இருக்கும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். வாந்தி, பேதி வரும் நாட்களில் எந்த மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும், மறுபடி எப்போது தொடங்க வேண்டும் என்பதை இந்தச் சந்திப்பிலேயே டாக்டர் கையால் எழுதி வாங்கி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.